காரணமே இல்லாமல் அட்ரினலின் பாய்கிற மாதிரி: லைம் நோய் வந்து போனவர்களில் வேறு யாருக்காவது?

கேள்வி: பென்சில்வேனியா வாசகி, 12-10-2024

இரண்டு வருஷத்துக்கு முன் உண்ணி கடித்து லைம் என்ற பாக்டீரியா நோய். டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மூன்று வாரம் சாப்பிட்டேன். தோலில் இருந்த வட்டம் மறைந்தது, முட்டிவலி குறைந்தது, சோர்வு மட்டும் போகவே இல்லை. இப்போது சில மாதமாகப் புதிதாக ஒன்று. சும்மா சோபாவில் உட்கார்ந்திருப்பேன், இல்லை நன்றாகத் தூங்கிக்கொண்டிருப்பேன். திடீரென்று நெஞ்சுக்குள்ளிருந்து ஏதோ பாயும். கை நடுங்கும், வியர்க்கும், பல் கிட்டிக்கொள்ளும். மனதில் எந்தப் பயமும் இருக்காது, உடம்பு மட்டும் பயப்படும். டாக்டர் ஒரு ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு 'ஆங்சைட்டி' (மனப்பதற்றம்) என்று எழுதி அனுப்பிவிட்டார். லைம் திரும்பி வந்துவிட்டதா? வேறு யாருக்காவது இப்படி இருக்கிறதா?

12-10-2024, இரவு 11:20

எனக்கு இருக்கிறது. கனெக்டிகட், 47 வயது. லைம் உங்களுக்கு முன்பே வந்தது.

நான் டாக்டரிடம் சொன்னது இப்படி: மாடிப்படி இறங்கும்போது இன்னும் ஒரு படி இருக்கிறது என்று நினைத்துக் காலை வைப்போம், அங்கே படி இருக்காது. வயிற்றில் ஒரு திடுக்கு வரும் பாருங்கள், அது. ஒரே வித்தியாசம், அது அடுத்த நொடி போய்விடும், இது இருபது நிமிஷம் போகாது.

லைம் திரும்பியதா என்ற கேள்வியைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். முதலில் இதைச் சொல்லுங்கள். நிற்கும்போது வருகிறதா, படுத்திருக்கும்போதா? சாப்பிட்டு எவ்வளவு நேரம் கழித்து? அந்த நேரத்தில் நாடி வேகமாக ஓடுகிறதா, இல்லை மெதுவாகி விட்டுவிட்டு அடிக்கிறதா? மூச்சு பற்றாத மாதிரி இருக்கிறதா? இரவில் நைட்டி நனைகிற அளவு வியர்வையா, நெற்றியில் மட்டுமா?

எனக்கும் முதல் தடவை எமர்ஜென்சியில் ஆங்சைட்டி என்றுதான் சொன்னார்கள். பக்கத்தில் நின்ற என் கணவர் வேறு 'ஆபீஸ்ல டென்ஷன் ஜாஸ்தி டாக்டர்' என்று எடுத்துக்கொடுத்தார். வீட்டுக்கு வந்து அவருக்குத்தான் பிபி ஏறியது.

13-10-2024, காலை

ராத்திரி அவசரமாக எழுதியதில் ஒன்று விட்டுப்போனது. ஈசிஜி நார்மல் என்பதை வைத்துப் பெரிய முடிவுக்கு வர முடியாது. சாதாரண ஈசிஜி பிடிப்பது பத்து விநாடி. உங்களுக்கு அது வருகிற நேரத்தில் அந்தப் பத்து விநாடி விழுந்திருந்தால்தான் உபயோகம். நெஞ்சில் ஒட்டும் பேட்ச் இருக்கிறது, இரண்டு வாரம் வரை குளிக்கும்போதும் கழற்ற வேண்டாம். உணர்வு வந்தால் அதில் இருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். எனக்கு அதில் தெரிந்தது சைனஸ் டாக்கிகார்டியா, அதாவது தாளம் சரி, வேகம் மட்டும் அதிகம். தூக்கத்தில் 58 இருந்தது சட்டென்று 121. நாடி ஏறிய பிறகுதான் நான் விழித்திருக்கிறேன் என்று வரைபடத்தில் தெளிவாக இருந்தது. அந்தக் காகிதத்தைப் பார்த்த பிறகு வீட்டில் யாரும் டென்ஷன் என்ற வார்த்தையை எடுக்கவில்லை.

நாடி வேகம் என்பதை ஏன் குடைந்து கேட்டேன் என்றால், லைம் இதயத்தில் செய்கிற வேலை பெரும்பாலும் இதற்கு எதிர்த்திசையில் இருக்கும். லைம் கார்டைட்டிஸில் மேலறையிலிருந்து கீழறைக்குப் போகும் மின்சாரம் தடைப்படும். நாடி மெதுவாகும், தலைசுற்றும், மயக்கம் வரும். அந்த மின்சாரம் போய்ச்சேர ஆகும் நேரத்தை ஈசிஜியில் பிஆர் இடைவெளி என்பார்கள், அது 300 மில்லிவிநாடியைத் தாண்டினால் மருத்துவமனையில் படுக்க வைத்துக் கண்காணிப்பார்கள். ஆன்டிபயாடிக் கொடுத்தால் பெரும்பாலும் முழுசாகச் சரியாகிவிடும், சிலருக்கு அதுவரை தற்காலிக பேஸ்மேக்கர் தேவைப்படும். இது கடித்த சில வாரம், சில மாதத்துக்குள் வருகிற சமாசாரம். இரண்டு வருஷம் கழித்து உங்களுக்கு இதுவாக இருக்க வாய்ப்பு குறைவு. ஆனால் போன கோடையில் புதிதாக ஒரு உண்ணி கடித்திருந்தால் கணக்கே வேறு. லைம் ஒரு தடவை வந்தால் மறுபடி வராது என்று இல்லை.

13-10-2024, மதியம்

வாசகி பதில் போட்டிருக்கிறார்: சாப்பாட்டைக் கவனித்ததில்லை, நாடி வேகம்தான், வியர்வை அதிகம், 'கொஞ்சம் மூச்சு பற்றாத மாதிரியும்'.

வியர்வையும் மூச்சும் சேர்ந்தால் பாபீசியா பார்த்தார்களா என்று கேளுங்கள். லைமைக் கொண்டுவருகிற அதே மான் உண்ணிதான் இதையும் கொண்டுவருகிறது. மலேரியா மாதிரி ரத்தச் சிவப்பணுவுக்குள் குடியேறும் ஒட்டுண்ணி, பாக்டீரியா இல்லை. அதனால் லைமுக்குக் கொடுத்த டாக்ஸிசைக்ளின் இதை ஒன்றும் செய்யாது. மருந்தே வேறு, பெரும்பாலும் அட்டோவாகுவோனும் அசித்ரோமைசினும் சேர்த்துக் கொடுப்பார்கள். ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது ஒன்று, கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் ஒன்று. மண்ணீரல் எடுத்தவர்களுக்கு இது ஆபத்தாகவே முடியலாம்.

லைம் ஆன்டிபாடி டெஸ்டை மட்டும் திரும்ப எடுத்து பாசிட்டிவ் வந்ததும் அழாதீர்கள். அந்த ஆன்டிபாடி வருஷக்கணக்கில் ரத்தத்தில் இருக்கும். இப்போது கிருமி இருக்கிறதா என்பதை அது சொல்லாது.

16-10-2024

'அட்ரினல் சுரப்பி களைத்துப்போய்விட்டது, அதற்கு ஒரு பவுடர் இருக்கிறது' என்று மேலே ஒருவர் லிங்க் போட்டிருக்கிறார். வாங்காதீர்கள். களைத்துப்போன சுரப்பி ராத்திரி மூன்று மணிக்கு இவ்வளவு வேகமாக வேலை செய்யுமா?

உடம்பில் நடப்பது என்ன என்று நான் புரிந்துகொண்ட வரைக்கும்: அட்ரினலின் சிறுநீரகத்தின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் சுரப்பியின் உள்பகுதியிலிருந்து வருகிறது. ரத்தத்தில் அதன் ஆயுள் மிகக் குறைவு, இரண்டு மூன்று நிமிஷத்தில் பாதியாகிவிடும். அப்புறம் ஏன் இருபது நிமிஷம் நடுக்கம்? முதலாவது, நாம் அட்ரினலின் என்று சொல்வதில் பெரும்பங்கு நார்அட்ரினலின். அது சுரப்பியிலிருந்து வரவில்லை, இதயத்திலும் ரத்தக்குழாயிலும் முடிகிற நரம்பு நுனிகளிலிருந்தே கொட்டுகிறது. நரம்பு ஓயாதவரை கொட்டிக்கொண்டே இருக்கும். இரண்டாவது, முதல் பாய்ச்சலைப் பார்த்து நாம் பயந்துவிடுகிறோம். அந்தப் பயம் இரண்டாவது பாய்ச்சலை வரவழைக்கிறது. ஆங்சைட்டி என்று சொன்ன டாக்டர் பார்த்தது இந்த இரண்டாவதைத்தான். இரண்டாவது இருக்கிறது என்பதற்காக முதலாவது இல்லை என்று ஆகிவிடாது.

மூச்சை நிதானமாக வெளியே விடுவது, குளிர்ந்த தண்ணீரில் முகம் கழுவுவது எல்லாம் எனக்கு இரண்டாவது அலையைக் குறைத்தன. முதலாவதின் பக்கத்தில்கூடப் போகவில்லை.

16-10-2024, இரவு

பவுடர்காரர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். போகட்டும்.

20-10-2024, ஞாயிறு

நிற்கும்போது வருகிறதா என்று முதல் நாள் கேட்டேனே, அதை நின்று பார்க்கும் சோதனை எப்படி என்று இரண்டு பேர் கேட்டார்கள். பத்து நிமிஷம் அசையாமல் படுங்கள். நாடி, பிபி குறித்துக்கொள்ளுங்கள். எழுந்து சுவரில் தோளைச் சாய்த்து, குதிகாலைச் சுவரிலிருந்து அரை அடி தள்ளி வைத்து, கையை காலை ஆட்டாமல் பத்து நிமிஷம் நில்லுங்கள். நிமிஷத்துக்கு ஒரு தடவை நாடி, பிபி. பக்கத்தில் ஒரு ஆள் கட்டாயம் வேண்டும், நான் எட்டாவது நிமிஷத்தில் சரிந்தேன். பெரியவர்களுக்குப் பிபி விழாமல் நாடி மட்டும் 30-க்கு மேல் ஏறி, அந்த மாதிரித் தொந்தரவு மூன்று மாதமாவது இருந்தால் அதற்குப் பாட்ஸ் என்று பெயர். பதின்வயதினருக்கு அளவு 40. எனக்கு 70-லிருந்து 112.

அதிலேயே ஒரு வகைக்கு நிற்கும்போது மேல் பிபி 10 அல்லது அதற்கு மேலே ஏறும். நின்ற நிலையில் எடுத்த ரத்தத்தில் நார்அட்ரினலின் மில்லிலிட்டருக்கு 600 பிகோகிராமைத் தாண்டும். கை நடுக்கம், உள்ளங்கை வியர்வை, இந்தத் திடீர்ப் பாய்ச்சல் எல்லாம் அந்த வகையினர்தான் அதிகம் சொல்கிறார்கள். நானும் அதில்தான் சேர்ந்தேன். கோயிலில் அன்னதான வரிசையில் நிற்கும்போதெல்லாம் எனக்கு ஏன் அழுகை வருகிற மாதிரி ஆகிறது என்று பல மாதம் குழம்பியிருக்கிறேன். பக்தி என்று மாமியார் சொன்னார்.

தொற்றுக்குப் பிறகு பாட்ஸ் வருவது புதிதல்ல. கோவிட்டுக்குப் பிறகு ஏராளமானவர்களுக்கு வந்ததால்தான் டாக்டர்கள் காதிலேயே இந்தப் பெயர் விழ ஆரம்பித்தது. லைமுக்குப் பிறகு வந்ததாகவும் சிறு பதிவுகள் இருக்கின்றன. சிகிச்சை முடிந்தும் தொந்தரவு நீங்காதவர்களில் தோலடி நுண்நரம்புகள் பாதிக்கப்பட்டிருப்பதும் ஒரு சிறிய ஆய்வில் தெரிந்தது. அந்த நரம்புகள் ரத்தக்குழாயைச் சுருக்கத் தவறினால், நிற்கும்போது ரத்தம் காலில் தேங்கும். ஈடுகட்ட உடம்பு நார்அட்ரினலினைக் கொட்டும். நம் உடம்பு பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது, அது தலையில் இல்லை, கெண்டைக்காலில்.

21-10-2024

உப்பு விஷயம். டாக்டர் தினமும் கூடுதலாக உப்பு, இரண்டு மூன்று லிட்டர் தண்ணீர், இடுப்பு வரை இறுக்கமான ஸ்டாக்கிங்ஸ் என்றார். ஊருக்கு போனில் சொன்னேன். அம்மாவுக்கு பிபி, இருபது வருஷமாக உப்பில்லாத ரசம் சாப்பிடுகிறார். 'எந்த ஊர் டாக்டர்டி உப்பைத் தின்னுங்கறான்' என்று ஒரே சண்டை. அப்புறம் அவரே ஆவக்காய் ஊறுகாய் நாலு பாட்டில் தெரிந்தவர் கையில் கொடுத்தனுப்பினார், கூடவே கண் திருஷ்டிக்கு மிளகாய் சுற்றிப் போடச் சொல்லி உத்தரவு. ஸ்மோக் அலாரம் அடிக்கும் என்பதால் அது மட்டும் நடக்கவில்லை.

பிபி ஏற்கெனவே அதிகம் உள்ளவர்கள், சிறுநீரகத் தொந்தரவு உள்ளவர்கள் இதைப் படித்துவிட்டு ஊறுகாய் பாட்டிலைத் திறக்க வேண்டாம். நிற்கும்போது பிபி ஏறுகிற என் வகைக்கே உப்பை அளந்துதான் கொடுத்தார்கள்.

2-11-2024

நான் ஒரே பெயரில் எல்லாவற்றையும் அடக்கிவிட்டேனோ என்று சந்தேகம். பகலில் வருவது பாட்ஸ், ஒப்புக்கொள்கிறேன். படுத்துத் தூங்கும்போது வருவதை நிற்பதால் என்று எப்படிச் சொல்வது? பாட்ஸ்காரர்களுக்கு இரவிலும் வருகிறது என்று பலர் சொல்கிறார்கள், அதனாலேயே இரவு வருவதெல்லாம் பாட்ஸ் ஆகிவிடாது. இரவு மட்டும் எனக்குத் தனியாக ஒரு நோட்டு போட்டேன்.

முதலில் சர்க்கரை. இரவில் 70-க்குக் கீழே இறங்கினால் அதைத் தூக்க உடம்பே அட்ரினலினை விடும். கையில் ஒட்டும் சென்சார் வாங்கி ஒட்டிக்கொண்டேன். அதிகாலை 61 என்று அலாரம் அடித்ததும் கண்டுபிடித்துவிட்டேன் என்று துள்ளினேன். விரலில் குத்திப் பார்த்தால் 92. சென்சார் ஒட்டிய கை மேலேயே படுத்தால் அந்த இடம் அழுந்தி இப்படிப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். மறுகைக்கு மாற்றியதும் இரவெல்லாம் ஒழுங்காகவே இருந்தது. சர்க்கரை இல்லை.

அடுத்து தூக்கத்தில் மூச்சுத் தடை. தொண்டை அடைத்து ஆக்சிஜன் இறங்கும்போதும் இதே பாய்ச்சல்தான் ஆளை எழுப்பும். குறட்டை விடுவது யார் என்பதில் எங்கள் வீட்டில் கருத்து வேறுபாடு உண்டு. வீட்டிலேயே செய்யும் சோதனை எனக்கு நார்மல். அவருக்கும் எடுக்கச் சொன்னேன், பேச்சை மாற்றிவிட்டார்.

3-11-2024

சனி இரவுகள்! நோட்டைப் புரட்டினால் இரவு வருகிறவற்றில் பாதிக்கு மேல் சனிக்கிழமை. எங்கள் வீட்டில் சனி மட்டன்.

9-11-2024

இதை விரிவாக எழுதுகிறேன், நம்மவர்களுக்கு இது தெரிவதே இல்லை.

லோன் ஸ்டார் என்று இன்னொரு உண்ணி. முதுகில் ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கும், பெண் உண்ணிக்கு மட்டும். முன்பு அமெரிக்காவின் தென்கிழக்குதான் அதன் இடம். இப்போது லாங் ஐலண்ட், கனெக்டிகட் கடற்கரை, மார்த்தாஸ் வின்யார்ட் வரை ஏறி வந்துவிட்டது. இது கடித்தால் லைம் வராது. ஆனால் அதன் எச்சில் பட்டு, பாலூட்டிகளின் இறைச்சியில் இருக்கும் ஆல்ஃபா-கால் என்ற சர்க்கரைக்கு உடம்பில் ஒவ்வாமை உருவாகலாம். ஆடு, மாடு, பன்றி எல்லாம் ஒதுக்கம். கோழி, மீன், முட்டைக்குப் பிரச்சினை இல்லை.

கண்டுபிடித்த விதமே வேடிக்கை. செடுக்ஸிமாப் என்ற புற்றுநோய் மருந்து ஏற்றும்போது அமெரிக்காவின் சில மாநிலங்களில் மட்டும் நோயாளிகள் முதல் டோஸிலேயே கடும் ஒவ்வாமையில் விழுந்தார்கள். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் ப்ளாட்ஸ்-மில்ஸ் குழு ஆராய்ந்தபோது, அந்த மருந்தில் இருந்த ஆல்ஃபா-காலுக்கு அவர்கள் ரத்தத்தில் ஏற்கெனவே ஐஜிஈ என்ற ஒவ்வாமை ஆன்டிபாடி இருந்தது தெரிந்தது. அதே மாநிலங்களில்தான் இறைச்சி சாப்பிட்டுப் பல மணி நேரம் கழித்து ஒவ்வாமை வருகிறவர்களும் இருந்தார்கள். 2009-ல் இறைச்சி விஷயம் வெளிவந்தது. உண்ணிதான் காரணம் என்பது அதற்கப்புறம் வந்த சங்கதி. 2010-லிருந்து அமெரிக்காவில் 4,50,000 பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு அமைப்பான சிடிசி 2023-ல் மதிப்பிட்டது.

நமக்கு முக்கியம் அந்தப் பல மணி நேரம். வேர்க்கடலை ஒவ்வாமை மாதிரி வாயில் போட்டதும் வராது. இரண்டு முதல் ஆறு மணி நேரம் ஆகும். ஒன்பது மணிக்குச் சுக்கா சாப்பிட்டால் நள்ளிரவு தாண்டி நெஞ்சு படபடப்பு, வயிற்றைப் பிசைவது, உள்ளங்கை அரிப்பு. சிலருக்குத் தோலில் தடிப்பே வராது, வயிறும் படபடப்பும் மட்டும்தான். அதில் கண் விழிக்கிற ஆள் மட்டனை நினைப்பாரா, லைமைத்தான் நினைப்பார்.

எனக்கு ஐஜிஈ எடுக்கக் கொடுத்திருக்கிறேன். அதுவரை சனி கோழி. மகனுக்கு என்மேல் வருத்தம்.

10-11-2024

'நான் சைவம், எனக்கு இது பொருந்தாது' என்று எழுதியவருக்கு: பால், நெய்யில்கூடக் கொஞ்சம் உண்டு. எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளாமல் போவதில்லை, சிலருக்கு மட்டும். அதைவிட, மருந்துக் காப்ஸ்யூல் உறை பெரும்பாலும் ஜெலட்டின். அது மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ வருவது. சைவக்காரர்கள் வருஷக்கணக்கில் விழுங்கிக்கொண்டிருக்கிறார்கள், யாரும் பெட்டியைப் படிப்பதில்லை.

24-11-2024

ஆல்ஃபா-கால் நெகட்டிவ். மகன் அன்றே பிரியாணி கேட்டான்.

அப்படியானால் சனிக்கிழமை? நோட்டை மறுபடி பார்த்தேன். சனிக்கிழமை நாங்கள் தாமதமாகச் சாப்பிடுகிறோம், வயிறு முட்டச் சாப்பிடுகிறோம், பத்து மணிக்கு மேல் நான் ஒரு ஃபில்டர் காபியும் குடிக்கிறேன். கனமான சாப்பாட்டுக்குப் பிறகு ரத்தம் குடலுக்குப் போகும், பாட்ஸ் உள்ளவர்களுக்கு அதுவே நாடியை ஏற்றும். காபியைப் பற்றி நான் எதுவும் சொல்லத் தேவையில்லை. இரண்டையும் மாற்றியதில் சனிக்கிழமை மற்ற நாள் மாதிரி ஆனது. மற்ற நாள்களில் வருவது அப்படியே இருக்கிறது.

ஆனால் இந்த டெஸ்ட் வீண் என்று நினைக்கவில்லை. மேரிலாந்திலிருந்து எழுதும் அண்ணன் ஒருவருக்கு இதைப் படித்துவிட்டு எடுத்ததில் பாசிட்டிவ் வந்திருக்கிறது. அவர் அதுவரை ஆறு வகை ப்ரோபயாடிக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

1-12-2024

எதிர்பார்த்த சண்டை வந்துவிட்டது. 'கிருமி உள்ளே ஒளிந்திருக்கிறது, இந்தப் பாய்ச்சல் அதன் வேலை, ஆறு மாதம் ரத்தக்குழாய் வழியாக ஆன்டிபயாடிக் ஏற்றினால் போகும்' என்று ஒருவர். கூடவே இதைப் பார்டொனெல்லா என்ற வேறொரு கிருமி என்கிறார் இன்னொருவர்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். தொந்தரவு நீடிப்பது உண்மை. சிகிச்சைக்குப் பிறகும் 5 முதல் 10 சதவீதம் பேருக்கு நீடிக்கிறது என்று சிடிசியே சொல்கிறது. ஆனால் தொந்தரவு நீடிப்பதும் உயிருள்ள கிருமி நீடிப்பதும் ஒன்றல்ல. நீண்டகால ஆன்டிபயாடிக்கை வெறும் மருந்தற்ற மாத்திரையோடு ஒப்பிட்டு அமெரிக்காவில் 2001-ல் வெளிவந்த ஆய்விலும், நெதர்லாந்தில் 2016-ல் வந்த ஆய்விலும் உருப்படியான பலன் தெரியவில்லை. இந்தச் சிகிச்சையில் கடுமையான தொற்று வந்தவர்களைப் பற்றி, ரத்தக்குழாயில் வைத்த ட்யூப் வழியாக ரத்தத்தில் கிருமி பரவி இறந்த ஒருவர் உட்பட, 2017-ல் சிடிசி வெளியிட்டதைப் படித்தால் தூக்கம் வராது. பார்டொனெல்லா பூனைக் கீறலில் வரும், உண்ணி கடித்து மனிதருக்கு வருகிறது என்பதற்கு நம்பும்படியான சான்று இல்லை.

'இந்தப் பாய்ச்சல் ஹெர்க்ஸ், கிருமி சாகிற அறிகுறி' என்பதும் அடிக்கடி வருகிறது. யாரிஷ்-ஹெர்க்ஸ்ஹைமர் எதிர்வினை உண்மையானது, லைமில் சிலருக்கு வரும், மருந்து தொடங்கி முதல் 24 மணி நேரத்தில். மூன்றாவது மாதம் வருகிற படபடப்பை அதில் சேர்ப்பவர்கள் ஏதாவது விற்பார்கள்.

2-12-2024

காலையில் படித்தால் நேற்று எழுதியதில் சூடு ஜாஸ்தி. கருத்து மாறவில்லை. ஆனால் அந்த ஐயா ஏன் அங்கே போய்ச் சேர்ந்தார் என்பது எனக்குத் தெரியும். யாரும் நம்பாதபோது நம்புகிறேன் என்று சொல்கிற ஒரே இடம் அதுதானே.

இந்த நோயின் தொடக்கமே அப்படி. இங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குள் லைம் என்ற ஊர். அங்கே பாலி முர்ரே என்ற தாய், தனக்கும் பிள்ளைகளுக்கும் மாறி மாறி மூட்டு வீக்கம், படை, காய்ச்சல் என்று வருஷக்கணக்கில் டாக்டர் டாக்டராக அலைந்தார். மனப்பிரச்சினை என்றுதான் அவரிடமும் சொன்னார்கள். அவர் நோட்டுப் போட்டு எழுதினார், அக்கம்பக்கத்துக் குழந்தைகளையும் சேர்த்து. 1975-ல் அவரும் இன்னொரு தாயும் கொடுத்த தகவலில்தான் யேல் பல்கலைக்கழகத்தின் ஆலன் ஸ்டீர் விசாரணையைத் தொடங்கினார். லாங் ஐலண்ட் பக்கம் ஷெல்டர் தீவில் பிடித்த உண்ணிகளின் வயிற்றில் வில்லி பர்க்டார்ஃபர் கிருமியைப் பார்த்தது 1981-ல். கிருமிக்கு அவர் பெயர், நோய்க்கு ஊர் பெயர். முர்ரேவின் பெயர் எதிலும் இல்லை.

15-12-2024

வாசகிக்குப் பாபீசியா நெகட்டிவ், தைராய்டு நார்மல், நின்று பார்த்ததில் நாடி 22 மட்டும் ஏறியது. அதாவது பாட்ஸ் அளவுக்கு இல்லை. அவருக்கு வயது 44 என்று இப்போதுதான் சொல்கிறார்!

அம்மா முதல் நாளே சொன்னார், 'எனக்கும் அந்த வயசுல இப்படித்தான் திடுக் திடுக்குனு வரும்'. நான் கேட்கவில்லை. மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய சில வருஷம் ஈஸ்ட்ரோஜன் ஏறி இறங்கும்போது, மூளையில் சூட்டைக் கட்டுப்படுத்தும் இடம் சின்ன மாற்றத்துக்கே அலறும். முதலில் படபடப்பு, பின்னால் சூடு, வியர்வை. சிலருக்குச் சூடு வருவதே தெரியாது, படபடப்பு மட்டும். மாதவிடாய் ஒழுங்காக வந்துகொண்டிருக்கும்போதே இது ஆரம்பிக்கலாம். அவரவர் நோட்டில் மாதவிடாய்த் தேதியையும் எழுதுங்கள். என் நோட்டில் இரவு வருபவை தேதிக்கு முந்தைய வாரத்தில் குவிந்திருக்கின்றன, எனக்கும் கிட்டத்தட்ட அதே வயதுதான்.

எல்லாவற்றையும் உண்ணி தலையில் போட்டதில் இது மறைந்துபோகிறது. டாக்டர்கள் சிலர் நேர்மாறாக எல்லாவற்றையும் இதன் தலையில் போடுகிறார்கள், அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

16-12-2024

நாடியைக் குறைக்கும் ப்ரோப்ரனலால் மாத்திரை பற்றித் தனி மெசேஜில் கேட்கிறார்கள், பொதுவிலேயே சொல்கிறேன். எனக்குக் குறைந்த அளவு கொடுத்தார்கள், பகல் நடுக்கம் நன்றாகக் குறைந்தது. ஊரிலிருந்து யாரோ கொண்டுவந்த ஸ்ட்ரிப்பை எடுத்துப் போடாதீர்கள். ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சு இறுகும். இதயத்தில் லைம் தடை இருப்பவருக்கு நாடி இன்னும் இறங்கும். ஆல்ஃபா-கால் உள்ளவர் கையில் வைத்திருக்கும் எபிநெஃப்ரின், அதாவது அட்ரினலின் ஊசி அவசரத்தில் சரியாக வேலை செய்யாமல் போகலாம், ஏனென்றால் அந்த ஊசி தட்டுகிற கதவைத்தான் இந்த மாத்திரை மூடுகிறது. மேரிலாந்து அண்ணனுக்கு இதற்காகவே அவர் டாக்டர் இதே வகைப் பிபி மாத்திரையை மாற்றினார்.

19-01-2025

வாசகி இன்னும் இரண்டு டெஸ்ட் எழுதிக்கொடுத்திருக்கிறார்கள் என்கிறார்.

ஒன்று மெட்டாநெஃப்ரின், அட்ரினலின் உடைந்து வரும் பொருள். அட்ரினல் சுரப்பியில் ஃபியோக்ரோமோசைட்டோமா என்ற அபூர்வக் கட்டி இருக்கிறதா என்று பார்க்க. தலைவலி, வியர்வை, படபடப்பு மூன்றும் சேர்ந்து அலையலையாக வருவது அதன் அடையாளம். வாய்ப்பு மிகக் குறைவு, ஆனால் விட்டுவிடக் கூடாதது. ரத்தத்தில் எடுத்தால் இருபது முப்பது நிமிஷம் படுக்க வைத்து எடுக்கச் சொல்லுங்கள். நாற்காலியில் உட்கார வைத்துக் குத்தினால் சும்மாவே ஏறிக் காட்டும், அப்புறம் ஸ்கேன், பயம், இன்சூரன்ஸ் சண்டை. சில மனச்சோர்வு மாத்திரைகளும் ஏற்றிக் காட்டும், சாப்பிடுகிற எல்லாவற்றையும் பட்டியல் கொடுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

இன்னொன்று டிரிப்டேஸ். ஒவ்வாமையின்போது ரசாயனங்களைக் கொட்டும் மாஸ்ட் செல்கள் வெடிக்கின்றனவா என்று பார்ப்பது. சாதாரண நாளில் எடுத்தது ஒன்று, பாய்ச்சல் வந்து நாலு மணி நேரத்துக்குள் எடுத்தது ஒன்று, இரண்டையும் ஒப்பிட்டால்தான் அர்த்தம். ராத்திரி இரண்டு மணிக்கு வந்ததை மறுநாள் பதினொரு மணிக்கு எடுத்து நார்மல் என்றால் அது ஒன்றையும் சொல்லவில்லை.

ரிசல்ட் வந்ததும் எண்ணைப் போடுங்கள், எந்த மணிக்கு எடுத்தது, படுத்தா உட்கார்ந்தா என்பதையும் சேர்த்து.